பின்னால் வருபவரின் அமானிதம்

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்காகச் சென்னையிலிருந்து காயல்பட்டினத்திற்குக் குடும்பத்துடன் காரில் புறப்பட்டோம். 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். 11 வயதான என் மகளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்துமிடத்தைத் தாண்டி அவளுடைய சைக்கிள் சென்றதே இல்லை. ஊர்த் தெருக்களில் உறவுப் பிள்ளைகளோடு சேர்ந்து அதை ஓட்ட வேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுக்க மனம் வராமல், காரின் டிக்கிக் கதவில் மாட்டும் சைக்கிள் தாங்கி ஒன்றை வாங்கி வந்தேன்.

இதை அறிந்த பக்கத்து வீட்டுச் சகோதரரும் எங்கள் ஊர்க்காரரே. தம் மகனுக்குச் சிறியதாகிவிட்ட சைக்கிள் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். "காக்கா, ஊர்ல என் தங்கச்சி மகன் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போறான். இதையும் அவன்கிட்ட சேர்த்துடுங்க, அமானிதம்" என்றார். இன்ஷா அல்லாஹ் பத்திரமாகச் சேர்த்துவிடுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டேன்.

இரவு இஷாவுக்குப் பிறகு இரண்டையும் தாங்கியில் ஏற்றினேன். அமானிதமான சைக்கிளைக் காருக்கு நெருக்கமாக வைத்து, பெயிண்ட் உரசாமலிருக்கப் பழைய துணி சுற்றி, நான்கு இடங்களில் பட்டை போட்டு இறுக்கினேன். மகளின் சைக்கிளின் முறை வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வீட்டில் கிடந்த இரண்டு ரப்பர் கயிறுகளைக் கொக்கியில் மாட்டினேன். 'நம்முடைய சைக்கிள்தானே, கீறல் விழுந்தாலும் நம் நஷ்டம்தானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உறங்கப் போனேன். அந்த எண்ணத்தில் பிழை இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறர் பொருளில் கூடுதல் கவனம் காட்டியதில் உள்ளூர ஒரு நிறைவுகூட இருந்தது.

ஃபஜ்ர் தொழுதுவிட்டு, பயண துஆ ஓதிப் புறப்பட்டோம். திண்டிவனம் அருகே தேநீருக்காக நிறுத்தினோம். காரின் பின்புறம் சென்று பார்க்க வேண்டும் என்ற நினைவே எழவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடந்து உளுந்தூர்ப்பேட்டையை நெருங்கும்போது, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவசரக்காரர் போலும் என்று இடப்புறம் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் முந்திச் செல்லாமல் என் கண்ணாடிக்கு நேராக வந்து, "பாய், வண்டியை நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார்.

இறங்கிப் பார்த்தபோது என் கை கால்கள் நடுங்கிவிட்டன. ஒரு ரப்பர் கயிறு கழன்று போயிருந்தது. மகளின் சைக்கிள் மற்றொரு கயிற்றில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஹேண்டில்பார் வெளியே திரும்பி, முன்சக்கரம் சாலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஊசலாடியது. துணி சுற்றிக் கட்டிய அமானிதச் சைக்கிள் மட்டும் அசையாமல் இருந்தது.

மோட்டார் சைக்கிளில் அந்தச் சகோதரருக்குப் பின்னால் அவருடைய மனைவி அமர்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் நான்கைந்து வயதுள்ள ஒரு சிறுவன். மனைவியையும் மகனையும் மர நிழலில் நிற்கவைத்துவிட்டு அவர் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றேன். "ரெண்டு கிலோமீட்டரா பின்னாலேயே வர்றேன் பாய். நீங்க திரும்புறப்போ இண்டிகேட்டரே தெரியல, சக்கரம் மறைக்குது" என்று மட்டும் சொன்னார். அந்தச் சிறுவன் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிளின் மணியை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது நான் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் ஒரு வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 19 மீட்டர் கடந்துவிடும். பின்னால் வருபவர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்துவதற்குள் விழுந்த பொருளின் மீதே ஏறியிருப்பார். காருக்குள் இருந்த எங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

லாரிகளில் மூட்டை ஏற்றிக் கட்டுவது தம் தொழில் என்று அந்தச் சகோதரர் சொன்னார். ரப்பர் கயிற்றைக் கையிலெடுத்து இழுத்துக் காட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் அது நீளும், நீளும்போது கொக்கி நழுவும், பாரத்தை ரப்பரை நம்பி விடக் கூடாது என்றார். எங்களிடமிருந்த துணி உலர்த்தும் கயிற்றை வாங்கி, சைக்கிளின் சட்டத்தையும் தாங்கியின் குழாயையும் சேர்த்துப் பல சுற்றுச் சுற்றி, காலை முட்டுக் கொடுத்து இழுத்து முடிந்தார். இண்டிகேட்டரை மறைத்த முன்சக்கரத்தைக் கழற்றி டிக்கிக்குள் வைக்கச் சொன்னார். பிறகு சைக்கிளைப் பிடித்துப் பலமாக உலுக்கினார். "சைக்கிள் ஆடினா கார் சேர்ந்து ஆடணும் பாய். சைக்கிள் மட்டும் ஆடினா நீங்க கட்டலைன்னு அர்த்தம்" என்றார். நான் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மதுரைக்கு முன்பாக ஒரு சாலையோரப் பள்ளிவாசலில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். தொழுகைக்குப் பின் நெடுநேரம் எழ முடியவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதையும் அறிவேன். அப்படி அறிந்த நான்தான், நெடுஞ்சாலையில் ஓர் இடையூறைத் தொங்கவிட்டுக்கொண்டு, துஆ ஓதிய நிம்மதியோடு வந்திருக்கிறேன். நான்கு பட்டைகள் போட்ட சைக்கிளை அமானிதம் என்று அறிந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று உயிர்களும் அந்தச் சாலையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டவை என்பதை அறியாதிருந்தேன்.

ஊர் சேர்ந்ததும் பக்கத்து வீட்டுச் சகோதரரின் தங்கை வீட்டிற்குச் சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பையன் அன்றே மூன்று முறை தெருவைச் சுற்றினான். "ஒரு கீறல்கூட இல்லாமல் அமானிதத்தைக் கொண்டுவந்து சேர்த்துட்டீங்க காக்கா" என்று அவனுடைய உம்மா மனமார துஆச் செய்தார். அந்தப் பாராட்டை ஏற்கவும் முடியாமல், நடந்ததைச் சொல்லவும் முடியாமல் நான் நின்றேன்.

அதன்பின் கற்றுக்கொண்டவற்றை, இதுபோன்ற பயணம் மேற்கொள்ளும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு சைக்கிள்தான் என்றால், காருக்குள் வைப்பதே மேல். முன்சக்கரத்தைக் கழற்றி, பின் இருக்கையை மடித்து, சங்கிலியும் கியரும் உள்ள வலப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைக்கலாம். அங்கும் அதைக் கட்டியே ஆக வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால், கட்டாத சைக்கிள் முன்னால் அமர்ந்திருப்பவரின் தலையை நோக்கித்தான் பாயும்.

பின்புறத் தாங்கியில் ஏற்றினால், எடை கூடிய சைக்கிளைக் காரை ஒட்டியும், எடை குறைந்ததை வெளியிலும் வையுங்கள். இரண்டின் ஹேண்டில்பார்களும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் ஒன்றோடொன்று மோதா. நீளாத பட்டைகளையே பயன்படுத்துங்கள். சட்டத்தைக் கட்டியதோடு நிறுத்தாமல், காற்றில் திரும்பிவிடும் முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் தனியே கட்டுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நின்ற இடத்தில் உறுதியாகத் தெரியும் கட்டு நெடுஞ்சாலையில் நெகிழ்வது இதனால்தான். தண்ணீர்க் குப்பி, காற்றடிக்கும் பம்ப், கூடை ஆகியவற்றை முன்பே கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். டயர் சைலன்சரின் வாய்க்கு நேராக இருந்தால் அதன் வெப்பத்தில் ரப்பர் உருகிவிடும். நம்பர் பிளேட்டோ, பின்விளக்குகளோ, இண்டிகேட்டரோ மறைந்தால் அப்படிப் புறப்படாதீர்கள். சட்டமும் அதற்கு இடம் தரவில்லை, பின்னால் வருபவரும் அதைத்தான் நம்பி வருகிறார்.

கூரையில் ஏற்றுவோர், கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்கியின் எடையும் அதில் சேரும். சைக்கிளோடு சேர்த்து மொத்த உயரத்தை அளந்து, ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். தரைத்தள வாகன நிறுத்துமிடத்திற்குள் நுழையும்போது கூரைமேல் சைக்கிள் இருப்பதை மறப்பது மிக எளிது.

எப்படிக் கட்டினாலும், புறப்பட்ட 10 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். புதிய பட்டைகள் தொடக்கத்திலேயே நெகிழும். அதன்பின் தேநீருக்கோ தொழுகைக்கோ எங்கு நிறுத்தினாலும் பின்புறம் சென்று பார்த்த பிறகே மற்ற வேலை.

பெருநாள் முடிந்து திரும்பும்போது மகளின் சைக்கிளைச் சக்கரம் கழற்றிக் காருக்குள் வைத்துக்கொண்டு வந்தோம். நடந்ததை அவளிடம் மறைக்காமல் சொல்லியிருந்தேன். திருச்சி அருகே நிறுத்தியபோது, யாரும் சொல்லாமலேயே டிக்கியைத் திறந்து சைக்கிளை இரு கைகளாலும் பிடித்து உலுக்கினாள். "காரும் ஆடுது வாப்பா" என்றாள். பிறகு சற்று யோசித்து, "அந்தத் தம்பி இந்த மணியைத்தானே பார்த்துட்டு இருந்தான்?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

அன்றுமுதல் பயண துஆவுக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்காகவும் துஆச் செய்து வருகிறோம். அவர்கள் எந்த ஊரினர் என்பதை அறியோம். அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுளையும் நலத்தையும் வழங்குவானாக! சாலையில் நம்மை நம்பிப் பின்னால் வரும் ஒவ்வொருவரையும் பேணி நடப்பவர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.