நாலு பேர், பதினொரு வேலை

போன வருஷம் எங்கட குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போட்டோம். ஊருக்காகச் செய்ய வேண்டியவை என்று பதினொரு வேலை. வெப்சைட், யூடியூப் சனல், மன்னார்ப் பேச்சுத்தமிழுக்கு ஒரு அகராதி ஆப் என்று அது நீண்டுகொண்டே போனது. வேலை செய்ய இருந்தது நாலு பேர். எல்லோருக்கும் விரிவுரை, சோதினை. லப்டொப் இரண்டு, அதில் ஒன்றுக்குப் பற்றரி செத்துப் பல நாள்.

முதலில் ஆப் என்று முடிவெடுத்தோம். ஏன் என்று இப்ப யோசித்தால், செய்து காட்டினால் எல்லோரும் மெச்சுவார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. லோகோவுக்கு மட்டும் இரண்டு கிழமை சண்டை பிடித்தோம்.

ஒன்பதாவதாக இருந்தது ஒரு கூத்துக் கொப்பி. இலுப்பைக்கடவையில் எங்கட வீட்டுக்குக் கிட்ட இருந்த அண்ணாவியார் ஒருவருடையது. 2008இல் சனம் இடம்பெயர்ந்தபோது சாமான்களை எல்லாம் விட்டுவிட்டு இதை உரப்பையில் சுற்றிக் கொண்டுபோனவர். "சோதினை முடிய வாறம் அப்பு" என்று சொல்லியிருந்தேன். "வாங்கோ பிள்ளை, நான் எங்க போகப்போறன்" என்றார்.

அந்த மாரியில் அவர் மோசம் போய்விட்டார்.

கொப்பி இருந்தது. மகள் எடுத்துத் தந்தா. ஒரு பின்னேரத்துக்குள் போனாலேயே எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து முடித்தோம். விருத்தம், தரு எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். ஆனால் எந்தத் தருவை எந்த மெட்டில் பாடுவது என்று எழுதவில்லை. அவருக்கு அது எழுதி வைக்கவேண்டிய விசயம் இல்லை, பாடுவார். போனில் ரெக்கோட் போட ஒரு மத்தியானம் போதும். மூன்று மாதம் ஆப்போடு மினக்கெட்ட எங்களுக்கு அந்த ஒரு மத்தியானம் கிடைக்கவில்லை.

பிறகுதான், ஆள்பலம் குறைந்த மற்றவர்கள் எதை முதலில் எடுத்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கூத்துகளில் சிலவற்றை அச்சில் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் அல்ல, சிலவற்றைத்தான். இன்று நாங்கள் வாசிக்கக்கூடியதில் அந்தச் சிலதும் இருக்கு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் ஆரம்பத்தில் நூல்களைத் தட்டச்சு செய்துதான் ஏற்றியது. பிறகு ஸ்கான் செய்வதற்கு மாறியது. தட்டச்சு செய்தால் சொல்லைத் தேடலாம், படிக்கவும் வசதி. ஆனால் ஒரு புத்தகத்தைத் தட்டச்சு செய்கிற நேரத்தில் எத்தனையோ புத்தகங்களை ஸ்கான் பண்ணிவிடலாம். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 1981இல் ஏறத்தாழ 97,000 புத்தகங்களை நெருப்புக்குக் கொடுத்த எங்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அழகைப் பிறகு பார்க்கலாம், கடதாசி அதுவரை இருக்க வேண்டுமே.

போன மாதம் பட்டியலைத் திரும்ப எழுதினோம். இந்த முறை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்விதான்: இதை ஒரு வருஷம் பிந்திச் செய்தால் என்ன இல்லாமல் போகும்? ஆப் கடைசிக்குப் போனது. அதைச் செய்துகொண்டிருந்த நண்பனுக்குக் கோபம். "ரெக்கோட் பண்ணி ஹாட் டிஸ்க்கில பூட்டி வைச்சால் ஆர் கேக்கப்போறது?" என்று கேட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கு. என்னிடம் சரியான பதில் இல்லை. அவன் இப்போது கூட்டங்களுக்கு வருவது குறைவு. நாலு பேரில் ஒருவர் குறைந்தால் அது சின்ன இழப்பு இல்லை.

ஆனாலும் ஆப்பை அடுத்த வருஷமும் செய்யலாம். அண்ணாவியாரோடு சேர்ந்து ஆடிய இன்னொரு அப்பு எங்கட பக்கம் இருக்கிறார். பல் இல்லை, குரல் நடுங்கும், பாதிப் பாட்டு மறந்துவிட்டது என்கிறார். இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். சோதினை அடுத்த கிழமைதான் தொடங்குது.