அக்காவின் ரெட்மிக்கு எந்த ரெக்கவரி?

ஜூன் 7, 2025, சனி

அக்கா மகன் ரூட் செய்துவைத்திருந்த ரெட்மி நோட் 4 என் கைக்கு வந்துவிட்டது. 2017 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாடல். ஸ்னாப்டிராகன் 625 சிப், 4100 எம்ஏஎச் பேட்டரி. திரையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கம்பெனி தந்த மென்பொருள் ஆண்ட்ராய்டு 7-ஓடு நின்றுவிட்டது. குரோம்கூட 2023-க்குப் பிறகு அந்த ஆண்ட்ராய்டைக் கைவிட்டது. நன்றாக ஓடும் போனைக் குப்பையில் போட எனக்குச் சம்மதமில்லை. லினேஜ் ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு ரோமை ஏற்றிக் கொடுத்தால் அக்கா பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் இன்னும் பல நாள் வரும். பணப் பரிமாற்றமெல்லாம் அவளுடைய புதுப் போனில்தான். பூட்லோடர் திறந்த போனில் வங்கிச் செயலிகள் பலவும் ஓட மறுக்கும், அதற்கு இதை நம்ப முடியாது.

வால்யூம் அப், பவர் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். ரெக்கவரி என்பது ரோம் ஏற்றவும் போனைத் துடைக்கவும் ஆண்ட்ராய்டுக்கு வெளியே தனியாக இயங்கும் மென்பொருள். பையன் எப்போதோ எங்கிருந்தோ இறக்கிப் போட்ட ஒன்று வந்தது. யார் தயாரித்தது என்ற விவரமே இல்லை. கடவு எண் கேட்டது. சரியான எண்ணைக் கொடுத்தும் ஏற்கவில்லை. இன்டெர்னல் ஸ்டோரேஜ் 0 எம்பி என்று காட்டியது. படங்கள் போய்விடவில்லை. என்கிரிப்ஷனைத் திறக்க அந்த ரெக்கவரிக்குத் தெரியவில்லை. போன் இயங்க மறுக்கும் நாளில் இப்படி ஒரு ரெக்கவரி கையில் இருந்து என்ன பயன்?

ஜூன் 8, ஞாயிறு

முதலில் கோட்நேம். ஏடிபி வழியாகக் கேட்டேன்: மிடோ. இதைப் பார்க்காமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. ரெட்மி நோட் 4 என்ற அதே பெயரில் மீடியாடெக் சிப் போட்ட போனும் உண்டு. அதன் கோட்நேம் நிக்கெல். பெட்டியில் இருக்கும் பெயரை நம்பி ஃபைல் இறக்கினால் வேறு போனுக்கான ரெக்கவரியை ஏற்றிவிடுவோம்.

மாலையில் பையன் கூப்பிட்டான். “மாமா, ஆரஞ்ச்ஃபாக்ஸ் போட்டுடலாம். பாக்க சூப்பரா இருக்கும். அதுல டார்ச்கூட இருக்கு.”

அவன் ஆசை புரிகிறது. ஆனால் ஆரஞ்ச்ஃபாக்ஸ் பிறந்ததே டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரியின் மூலநிரலில் இருந்துதான். அந்தக் கதையையும் அவனுக்குச் சொன்னேன். தொடக்க காலத்தில் கௌஷிக் தத்தா எழுதிய கிளாக்வொர்க்மாட் ரெக்கவரிதான் எல்லார் போனிலும் இருந்தது. வால்யூம் பட்டனை அழுத்தி அழுத்தித்தான் வரி வரியாக நகர வேண்டும். 2011-இல் டீம்வின் குழு டிடபிள்யூஆர்பி-யைக் கொண்டுவந்தது. விரலால் தொட்டு இயக்கும் ரெக்கவரி அதற்குப் பிறகுதான் பரவியது. கிளாக்வொர்க்மாட்டின் வளர்ச்சி நின்றதும் மக்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

மூன்றாவதாக லினேஜ் ஓஎஸ்-ஸின் சொந்த ரெக்கவரி. ரோம் ஏற்றும், போனைத் துடைத்துக் கொடுக்கும், கணினியிலிருந்து ஏடிபி சைட்லோடு மூலம் ஜிப் ஃபைலை வாங்கிக்கொள்ளும். முழு பேக்கப் எடுக்காது, ஸ்டோரேஜைத் திறந்தும் காட்டாது. அதை அந்த வேலைக்காகச் செய்யவில்லை.

ஜூன் 11, புதன்

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று: ரெக்கவரியை போனில் எழுதாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வால்யூம் டவுன், பவர் அழுத்தினால் ஃபாஸ்ட்பூட். ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுதுபார்க்கும் முயல் திரையில் வந்து நிற்கும். கணினியில் ‘ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ்’ என்பதற்குப் பதிலாக ‘ஃபாஸ்ட்பூட் பூட்’ என்று கொடுத்தால் அந்த இமேஜ் மெமரியில் மட்டும் ஏறும். ரீஸ்டார்ட் செய்தால் போன் பழையபடி இருக்கும்.

இப்படி ஓட்டிப் பார்த்தபோது டிடபிள்யூஆர்பி கடவு எண்ணை ஏற்றது. கேமரா ஃபோல்டருக்குள் போனேன். அக்கா பேத்தியின் காதுகுத்துப் படங்கள் வரிசையாக இருந்தன. ஆரஞ்ச்ஃபாக்ஸும் அதேபோல் திறந்தது. என் தேர்வில் இதுதான் முதல் பரீட்சை. மெனு அழகு, தீம், டார்ச் எல்லாம் அதற்கப்புறம்.

ஆரஞ்ச்ஃபாக்ஸில் ரெக்கவரிக்கே தனிக் கடவுச்சொல் வைக்கலாம். பையன் அதைப் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறான். அப்படி இல்லை. பூட்லோடர் திறந்திருக்கும் போனைக் கையில் எடுப்பவர் கடவுச்சொல் இல்லாத இன்னொரு ரெக்கவரியை ஃபாஸ்ட்பூட்டில் ஓட்டிவிட முடியும். படங்களைக் காப்பது என்கிரிப்ஷனும் அக்காவின் திரைப்பூட்டு எண்ணும்தான். ரூட் செய்த போனில் “வேகமாக இருக்கும்” என்று சிலர் என்கிரிப்ஷனை நீக்கிவிடுகிறார்கள். அந்தப் போனைத் தொலைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் எடுத்தவர் கையில். நான் ஒருபோதும் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

பேக்கப். பூட், சிஸ்டம், டேட்டா, ஈஎஃப்எஸ் நான்கையும் மெமரி கார்டில் எடுத்து, கணினியிலும் ஒரு பிரதி. ஈஎஃப்எஸ்-ஐ விட்டுவிடக் கூடாது; அது கெட்டால் ஐஎம்இஐ எண் போய் சிம் இருந்தும் நெட்வொர்க் கிடைக்காது. டேட்டா பேக்கப்பில் இன்டெர்னல் ஸ்டோரேஜ் சேராது. அதனால் கேமரா, வாட்ஸ்அப் ஃபோல்டர்களைத் தனியாகக் கணினிக்கு இழுத்தேன். காதுகுத்துப் படங்கள் கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

ஜூன் 14, சனி

டிடபிள்யூஆர்பி-தான். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்போது, மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்வது என் வழக்கம். அதிகாரப்பூர்வப் பட்டியலில் மிடோ இருக்கிறது. இறக்கிய ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. ஃப்ளாஷ் செய்ததும் போனை ஆண்ட்ராய்டுக்குள் விடாமல் நேராக ரெக்கவரிக்குள் கொண்டுபோனேன். கம்பெனி ரோம் ஒருமுறை துவங்கினால் தன் ரெக்கவரியைத் திரும்ப எழுதிவிடக்கூடும்.

பழைய என்கிரிப்ஷன் போக ‘ஃபார்மட் டேட்டா’ கொடுத்தேன். உறுதிசெய்ய ‘யெஸ்’ என்று டைப் செய்யச் சொல்கிறது. சாதாரண வைப் இதைச் செய்யாது. பிறகு லினேஜ் ஏறியது. அக்கா புதுத் திரைப்பூட்டு எண் வைத்ததும் ரெக்கவரிக்குப் போய் அதே எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். ஸ்டோரேஜ் திறந்தது.

பையனின் சொந்தப் போனுக்கு இதே முடிவைச் சொல்ல மாட்டேன். அது ஏ/பி பார்ட்டிஷன் உள்ள போன். அப்படிப்பட்ட பல போன்களில் தனி ரெக்கவரி பார்ட்டிஷனே கிடையாது. ரெக்கவரி பூட் இமேஜுக்குள் இருக்கும். அங்கே ரோமோடு வரும் ரெக்கவரியை வைத்துக்கொண்டு, ரூட் வேண்டுமானால் மேஜிஸ்க் செயலியில் பூட் இமேஜைப் பேட்ச் செய்வதே நல்லது. மேஜிஸ்க்கை உருவாக்கியவர்களும் அந்த வழியைத்தான் சொல்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது முயன்றால் ஒரு வேண்டுகோள். உங்கள் கோட்நேமுக்கு ரெக்கவரி இல்லையென்றால் அதை ஒத்த மாடலுக்கு வந்ததை எடுத்து ஏற்றிப் பார்க்காதீர்கள். இருக்கும் ரெக்கவரியே போதும் என்று விட்டுவிடுங்கள்.