உதிரிக்கு வாங்கிய ஜீப்

கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்து ஊர்களில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். பின்னால் முழுக்கப் பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் சுற்றிய துண்டு. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று ஏதாவது ஒரு மலைப்பாதையில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். பொழுது சாய இறங்குவார்கள். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயில் காயும் ஊரிலிருந்து ஆட்கள் மேலே போகிறார்கள். மேலேயிருந்து ஏலக்காய் கீழே போடி ஏல மையத்துக்கு வருகிறது. இந்தப் போக்குவரத்தைத் தாங்கியதில் பெரும்பங்கு மஹிந்திரா ஜீப்புகளுக்கு.

நான் சொல்ல வந்த இரண்டு ஜீப்புகளில் ஒன்று அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இன்னொன்று என் அப்பாவுடையது. அது ஏலத்தோட்டம் போனதில்லை. மயிலாடும்பாறையிலிருந்து மூல வைகையை ஒட்டி வருசநாடு போய், அதற்கு மேல் சாலை என்று சொல்ல முடியாத பாதைகளில் ஏறி, மலைக்கிராமங்களுக்குச் சாமானும் ஆளும் ஏற்றிப்போகும். திரும்பி வரும்போது இலவம் பஞ்சு மூட்டை, பீன்ஸ் மூட்டை, சில நாள் கட்டிலோடு கட்டிய ஒரு நோயாளி. 1991 மாடல் எம்எம் 540. 2012-இல் அப்பாவின் முழங்காலும் ஜீப்பின் என்ஜினும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மக்கர் செய்தன. அதற்குப் பிறகு அது வீட்டுக்குப் பின்னால் இலவ மரத்தடியில் நின்றது. கோழிகள் அடைந்தன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நான் சென்னையிலிருந்து மடிக்கணினியோடு ஊருக்கு வந்தேன். ஒரு மாதம் என்று நினைத்து வந்தது ஒன்றரை வருடமானது. பகலில் மென்பொருள் வேலை. சாயங்காலம் ஜீப்பைச் சுற்றி வருவேன். ‘என்னடா, சுத்திச் சுத்திப் பாக்குற? அது என்ன கோயிலா?’ என்று அப்பா கேட்டார். ஓட வைக்கலாமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஜீப்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

*

இந்த வண்டியின் பூர்வீகம் கொஞ்சம் சுவாரசியமானது. மஹிந்திரா நிறுவனம் 1945-இல் லூதியானாவில் தொடங்கும்போது அதன் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. இரும்பு வியாபாரம். பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போனார். நிறுவனத்தின் பெயர் 1948-இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கி இங்கே பூட்டி விற்கத் தொடங்கினார்கள். பிறகு உரிமம் பெற்று முழுதாகவே செய்தார்கள்.

டீசல் என்ஜின் வந்த வழி வேறு. 1979-இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு எக்ஸ்டிபி 4.90 என்ற என்ஜினுக்கு உரிமம் வாங்கினார்கள். 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 90 என்பது சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2112 சிசி வரும். ஆக, வருசநாட்டு மலையில் பீன்ஸ் ஏற்றிய வண்டியின் எலும்பு அமெரிக்கப் போர்க்காலத்து வம்சம், இதயம் பிரெஞ்சு, இரும்பு நம்மூர்.

இந்த வம்சாவளியால் ஒரு சங்கடமும் உண்டு. வில்லிஸ் காலத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் வலப்பக்கமாகத் தள்ளி விசையை வெளியே தரும். அதனால் பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியலும் நடுவில் இருக்காது, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். வேறு வண்டியின் ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்ட முடியாது. கியர் பாக்ஸ், முன் நக்கிள், ஃப்யூல் பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால் ஜீப்பின் விலையைவிட உதிரியின் விலை கூடிவிடும். ‘தனித்தனியா தேடாத தம்பி. செத்த வண்டி ஒண்ண முழுசா வாங்கு. அதுல இருந்து எடுத்துக்கிருவோம்’ என்றார் கடமலைக்குண்டிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன்.

*

செத்த வண்டி கம்பத்தில் கிடைத்தது. அதே எம்எம் 540, மூன்று வருடம் இளையது. உண்மையில் அது சாகவில்லை. ஊரடங்கில் கேரள எல்லையை மூடியதும் தோட்டத்துக்கு ஆள் போவது நின்றது. பாஸ் இல்லாமல் யாரும் மெட்டு தாண்ட முடியவில்லை. தினமும் ஓடி தினமும் காசு பார்க்கும் வண்டி மாதக்கணக்கில் நின்றால் பேட்டரி முதலில் போகும், பிறகு பிரேக் பிடித்துக்கொள்ளும், பிறகு வட்டிக்காரர் வருவார். தகுதிச் சான்றும் முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்கும் செலவுக்கு வண்டியே பெறாது என்று கணக்குப் போட்டிருந்தார் ஓட்டுநர்.

55,000 ரூபாய் என்று முடிந்தது. எதற்கு வாங்குகிறோம் என்று கேட்டார். ‘உதிரிக்குண்ணே’ என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த வீரபாண்டி கௌமாரியம்மன் படத்தை நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ‘மத்ததெல்லாம் எடுத்துக்கங்க தம்பி’ என்றார்.

*

ஒரு வண்டியைப் பிரிப்பது அதை உடைப்பதைப் போல இருக்கும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். எங்கள் மென்பொருள் துறையில் பழைய சர்வர் ஒன்றை நிறுத்துவதென்றால், அதை நம்பி வேறு என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுக்கவே பல வாரம் ஆகும். நிறுத்துவது ஒரு நிமிட வேலை. இங்கும் அதே கதைதான். எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் நேரம் போகிறது.

முதலில் பேட்டரி, ஒயரிங். பிறகு டீசல், ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் வடித்தல். பானட், மட்கார்டு, ரேடியேட்டர். அதன்பின் கியர் பாக்ஸோடு என்ஜினைச் சேர்த்து இலவமரக் கிளையில் செயின் பிளாக் போட்டுத் தூக்கினோம். பாடி போல்ட்டுகள் துருவில் இறுகியிருந்தன. டீசலில் ஊறவைத்து ஒருநாள் விட்டு, வராததற்கு கேஸ் நெருப்பு காட்டி, சுத்தியலால் மெல்லத் தட்டி, ஒரு சுற்று கழற்றி அரைச்சுற்று திரும்ப முடுக்கி, மறுபடி கழற்றி. அவசரப்பட்டால் தலை முறியும். முறிந்த போல்ட்டைத் துளை போட்டு எடுப்பது அரைநாள் வேலை.

மெக்கானிக் அண்ணனின் விதி ஒன்று உண்டு. எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதன் நட்டை அதே ஸ்டடில் திரும்பப் போட்டுவிட வேண்டும். ‘நட்டு வீட்ட விட்டுப் போகக்கூடாது’ என்பார். அதையும் மீறி மிஞ்சியதெல்லாம் ஜவ்வரிசி வாங்கி வந்த பிளாஸ்டிக் பைகளில், எண் எழுதி. ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசை எண், பாகம், எங்கிருந்து எடுத்தது, நிலைமை, எங்கே போகப்போகிறது என்று ஐந்து கட்டம் போட்டேன். கணினியில் எழுதலாம்தான். கிரீஸ் கையோடு கீபோர்டைத் தொட முடியாது.

பழைய வில்லிஸ் வம்சத்து ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர ஸ்டடுகளுக்கு இடப்புரி மரை இருக்கும். சக்கரம் சுற்றும் திசையில் நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. தெரியாதவர்கள் பலம் கொண்ட மட்டும் எதிர்த்திசையில் திருகி ஸ்டடை முறிப்பார்கள். கண்ணால் பார்க்காமலே கையால் தடவி மரையின் திசையைச் சொன்னார் அப்பா.

ஆக்சில்களை எடுக்குமுன் பல் கணக்குப் பார்த்தோம். ஒரு பின் சக்கரத்தைத் தரையில் விட்டு, மற்றதை ஜாக்கியில் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு அது எத்தனை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஐந்து சுற்றும் அதற்கு மேல் ஒரு அரைக்கால் குறைந்த அரையும் வந்தது. அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 8. 5.375. முன்னாலும் அதே. எங்கள் ஜீப்பிலும் அதே. இது ஒத்துப்போகாவிட்டால் நாலு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். கெட்டித் தரையில் பல் போகும்.

அது இலவங்காய் வெடிக்கிற பருவம். காற்றடித்தால் பஞ்சு பறந்து வந்து கிரீஸ் பூசிய எல்லாவற்றிலும் ஒட்டியது. பேரிங்குகளைக் கழுவி எண்ணெய்த் துணியில் பொதிந்து, அம்மாவின் பழைய எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு மூடினோம். அந்த டப்பாக்கள் திரும்பச் சமையலறைக்குப் போகவில்லை.

*

பிரச்சினை வந்தது இரண்டு வண்டிகளும் வெறும் சேஸிஸாக ஆன பிறகு.

எங்கள் சேஸிஸில் பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு மேல் விரிசல் இருந்தது. பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட நீண்டது. கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கடன் வாங்கி, சேஸிஸின் நான்கு மூலைகளிலிருந்தும் சிமெண்டுத் தரையில் புள்ளி குறித்து, குறுக்காக அளந்தோம். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். எங்களுடையதில் வித்தியாசம் 11 மில்லிமீட்டர். கம்பத்து ஜீப்பில் 2. அது பாதி தார்ச்சாலையில் ஓடிய வண்டி. அப்பாவின் வண்டி பாறையில் ஓடியது.

கணக்கு மாறிவிட்டது. உதிரிக்கு வாங்கியதுதான் நல்ல வண்டி. பொறியியல் ஒன்றையே சொல்லும்: அந்தச் சேஸிஸை வைத்துக்கொண்டு, அப்பாவின் ஜீப்பிலிருந்து நல்ல பாகங்களை எடுத்து அதில் பூட்டு. உதிரி வண்டி எது என்பதை மாற்றி எழுது. மெக்கானிக் அண்ணனும் அதைத்தான் சொன்னார்.

ஆனால் சட்டத்தின் பார்வையில் வண்டி என்பது சேஸிஸ் எண். எங்கள் ஜீப்பின் ஆர்சி உயிரோடு இருந்தது. ஓடாத வருடங்களிலும் அப்பா ஒரு முறைகூட விடாமல் புதுப்பித்திருந்தார். ஏன் என்று யாருக்கும் அவர் சொன்னதில்லை. கம்பத்து ஜீப்பின் காகிதம் முடிந்திருந்தது. ஒரு சேஸிஸில் இன்னொன்றின் எண்ணை அடிப்பது குற்றம். அதைச் செய்து தருகிறேன் என்று சொன்ன ஒருவரும் தேனியில் கிடைத்தார், டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாமாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உற்பத்தியாளர் சொன்ன விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருந்தது.

அப்பாவிடம் கேட்டேன். சென்டிமெண்டாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ‘சேஸிஸ் என்னடா, ரெண்டு தடவ கியர் பாக்ஸ் மாத்திருக்கேன், மூணு தடவ மட்கார்டு. எது என் வண்டின்னு எனக்கே தெரியாது’ என்றார். கொஞ்சம் கழித்து, ‘ஆனா மலைல செக்போஸ்ட்டுல இருபது வருசமா அந்த நம்பரச் சொல்லித்தான் போயிருக்கேன். பொய் நம்பர வெச்சுக்கிட்டு அந்த ஆளுக முன்னாடி என்னால நிக்க முடியாது’ என்றார்.

அதோடு முடிவானது. எங்கள் சேஸிஸை ரிப்பேர் செய்வது, கம்பத்து சேஸிஸை வெட்டுவது. வண்டி இனி ஓடாது என்றால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 55-ஆம் பிரிவு. பதிவை ரத்து செய்ய எண் உள்ள துண்டை வெட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். கேஸ் கட்டரைப் பற்றவைத்தபோது மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. எந்தக் கோணலும் இல்லாத ஒரு சேஸிஸ், காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் துண்டானது. 2021-இல் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கை வந்து, அதற்கென்று பதிவு பெற்ற நிலையங்களும் வந்தன. பழைய வண்டியை ஒழுங்காகக் கழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எது பழையது என்பதைக் காகிதம் சொல்வதற்கும் இரும்பு சொல்வதற்கும் உள்ள தூரத்தை அன்றைக்குக் கையில் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு சாண் அகலமுள்ள துண்டு.

முழுதும் காயலான் கடைக்குப் போகவில்லை. அதன் நெடுக்கு ரயிலிலிருந்து இரண்டு தகடுகள் வெட்டி எடுத்தோம். எங்கள் விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வெல்டு வைத்து, அதன் மேல் அந்தத் தகடுகளைப் பதித்தோம். தகட்டின் முனைகளைச் சாய்சதுரமாக வெட்ட வேண்டும். நேர்க்குத்தாக வெல்டு வைத்தால் பாரம் முழுதும் அந்த ஒரு கோட்டில் இறங்கி, அங்கேயே புது விரிசல் விடும். சாய்வாக வைத்தால் பாரம் பரவும்.

*

கம்பத்து ஜீப்பின் பின்கூரையில் உள்பக்கமாக ஒரு இரும்புக் கம்பி இருந்தது, பிடித்துக்கொள்ள. மற்ற இடமெல்லாம் துரு. அந்தக் கம்பி மட்டும் எண்ணெய் பூசியதுபோலப் பளபளத்தது. நோட்டில் அதற்கு ‘தேவையில்லை’ என்று எழுதியிருந்தேன். கூடலூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பதினெட்டு வருடம் தோட்டத்துக்குப் போனவர். ‘உக்காரவா எடம் இருக்கும்? இதத்தான் புடிச்சுக்கிட்டு நிப்போம். வளைவுல வண்டி சாயிறப்ப எல்லாக் கையும் ஒண்ணா இறுகும்’ என்றார். கம்பி எங்கள் ஜீப்பில் ஏறியது. நாலு போல்ட், அரைமணி நேர வேலை.

பிளாக் எங்களுடையது, அதில்தான் என்ஜின் எண். ஹெட், ஃப்யூல் பம்ப், ஸ்டார்ட்டர், கியர் பாக்ஸ், முன் நக்கிள்கள் கம்பத்து வண்டியுடையவை. 2021 ஆகஸ்டில் ஓடியது. கம்பத்து ஓட்டுநரை போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டார். அப்போது ஒரு மில்லில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா சாவியை அவரிடமே கொடுத்தார். வருசநாடு பக்கம் போனோம். இறக்கத்தில் கியர் மாற்றும்போது காதைச் சாய்த்துக் கேட்டார்.

‘தம்பி, கியர் பாக்ஸ் என்னோடதுல்ல? இறக்கத்துல ரெண்டாவது கியர் நழுவும். லீவர இப்பிடி முழங்கால வெச்சு அணைச்சுக்கங்க. நான் பத்து வருசம் அப்பிடித்தான் ஓட்டுனேன்.’

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து கியர் பாக்ஸ் வரியில் ‘நிலைமை: நன்று’ என்றிருந்ததற்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்தேன். பின்னால் உட்கார்ந்து வந்த அப்பா சொன்னார், ‘எனக்கு முழங்கால் ஆகாது. நீதான் ஓட்டணும்.’