பழஞ்சோறும் பற்கூச்சமும்

வன்னி மண்ணிற் பிறந்தோர்க்குப் பழஞ்சோற்றின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளையில், காலபோக அறுவடை நிகழும் தை, மாசி மாதங்களில், வெயில் ஏறுமுன் வயலுக்குச் செல்வோர்க்கு அதுவே முதலுணவு. இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மூடிவைத்து, விடிந்ததும் எருமைத் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து, தேசிக்காய் ஊறுகாயைத் தொட்டு உண்டால், வயிறு குளிரும்; வேலையும் ஓடும்.

அத்தகைய உணவை நாம் ஓராண்டுக்கு மேலாக வெறுத்து ஒதுக்கியிருந்தோம். எம்மைப்போற் பிறரும் ஏமாறலாகாது என்னும் எண்ணத்தினாலேயே அக்கதையை இங்கு எழுதுகின்றோம்.

நாம் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாட் காலை பழஞ்சோறு உண்டபின் செம்பு நீரைப் பருகியபோது, கீழ்ப்பற்களில் மின்னல் வெட்டினாற் போன்ற கூச்சம் உண்டாயிற்று. நாட்செல்ல, மோரும் ஆகாது, மாங்காயும் ஆகாது, அதிகாலைக் குளிர்காற்றுந்தானும் ஆகாது என்றாயிற்று. புளித்த சோறே பல்லைத் தின்கின்றது என்று நாமே தீர்ப்பு வழங்கிவிட்டோம்.

அதனைக் கேட்ட ஆச்சியின் முகம் வாடியது. "அறுபது வருஷமாய் நானும் இதைத்தானே மோனை தின்னுறன், எனக்குக் கூசேல்லையே" என்றார்.

"உங்களுக்கு உதெல்லாம் விளங்காது ஆச்சி" என்று, படிப்பின் செருக்கினாற் சொல்லிவிட்டோம். அன்றிரவு தொடக்கம் எமக்கெனச் சோற்றில் நீரூற்றுவதை ஆச்சி நிறுத்திவிட்டார். கூச்சமோ நின்றபாடில்லை.

ஈற்றில் பல் வைத்தியர் ஒருவரிடம் சென்றோம். என்ன உண்கிறீர் என்று கேட்டதோடு அவர் நிற்கவில்லை. உண்டபின் என்ன செய்கிறீர் என்றும் வினவினார். ஒவ்வொரு வேளையும் கை கழுவிய உடனே உமிக்கரியால் அழுத்தித் தேய்ப்பதாகப் பெருமிதத்துடன் கூறினோம். வைத்தியர் சிரித்தார். "குற்றவாளி அகப்பட்டுவிட்டான் தம்பி" என்று கூறி, பின்வருமாறு விளக்கினார்.

பல்லின் மேற்போர்வையாகிய எனாமல் எனும் மிளிரியே மனித உடலில் மிகக் கடினமான பொருள். அதன் எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிப்பொருளாகும். ஆயினும் அமிலத்துக்கு அதுவும் இளகும். நடுநிலையான நீரின் பீ.எச். பெறுமானம் 7, புளிப்பு மிக மிக அது குறையும். ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் மிளிரி கரையத் தொடங்கலாம். பாலைப் புளிக்கவைக்கும் பற்றீரியாக்கள் இலக்டிக் அமிலத்தை உண்டாக்குவதால், தயிரின் பெறுமானம் 4.5ஐ அண்மித்து நிற்கும். எனினும், தயிரிற் கல்சியமும் பொசுபேற்றும் நிறைந்திருப்பதால் அது பல்லை அவ்வளவாக அரிப்பதில்லை. தேசிப்புளிக்கும் வினாகிரிக்கும் அக்காப்பு இல்லை. அவற்றின் பெறுமானமோ 2க்கும் 3க்கும் இடைப்பட்டது. ஆகவே, உண்கலத்தின் ஓரத்தில் இருந்த ஊறுகாயே எமது பல்லைப் பெரிதும் இளக்கியது; இளகியதைச் சுரண்டியெடுத்தவர் நாமே!

மிளிரி தேய்ந்த இடத்தில் அதன் கீழுள்ள பன்முதல் வெளிப்படுகின்றது. அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்கள் பல்லாயிரம் உள. குளிரோ புளிப்போ பட்டதும் அவற்றிலுள்ள நீர்மம் அசைய, உள்ளிருக்கும் நரம்பு துடிக்கின்றது. சுவீடன் நாட்டறிஞர் பிரன்ஸ்ட்ரோம் 1960களில் நிகழ்த்திய ஆய்வுகள் இதனை விளக்கின. தேய்ந்துபோன மிளிரி மீண்டும் வளராது. ஆனால், இளகிய மேற்பரப்பை உமிழ்நீர் தன்னிலுள்ள கனிப்பொருளால் மீண்டும் உறுதியாக்கும். அதற்குச் சிறிது நேரம் கொடுத்தல் வேண்டும்.

எனவே, புளிப்பு உண்டதும் வெறும் நீரால் வாயை நன்கு கொப்பளித்தல் வேண்டும். பல் துலக்குவதாயின் ஒரு மணி நேரமாவது பொறுத்தல் நன்று. உமிக்கரியை விடுத்து, மென்மையான தூரிகையும் புளோரைட்டு கலந்த பற்பசையும் கொண்டு, நாளுக்கு இருவேளை, அழுத்தாது துலக்கினாற் போதும். சொத்தைப் பல்லும் இவ்வாறே கூசுமாதலால், கூச்சம் நீங்காவிடில் வைத்தியரை நாடுதல் அவசியம்.

வீடு திரும்பியபின் ஆச்சியைக் கவனித்தோம். அவர் விடியலில் வேப்பங்குச்சியால் மெல்லப் பல் துலக்குவார், உண்டபின் செம்பு நீரால் மும்முறை கொப்பளிப்பார், அவ்வளவே. நாம் பாடமாகக் கற்றுவந்ததை அவர் பழக்கமாகவே கொண்டிருந்தார்.

"ஆச்சி, இண்டைக்கு எனக்கும் சோத்துக்குத் தண்ணி ஊத்தி வையுங்கோ" என்றோம். ஆச்சி காரணம் கேட்கவில்லை, "ஊறுகாயும் வேணுமோ மோனை?" என்று மட்டும் கேட்டார்.

உணவைப் பழிக்குமுன் நமது பழக்கத்தை ஆராய்தல் வேண்டும்; மூத்தோர் சொல்லைத் தள்ளுமுன் அவர் செயலை ஒருகால் உற்றுநோக்குதலும் வேண்டும்.