இரண்டு உறைகள்

குழந்தையில்லாத ஐந்தாண்டுகளில் சேர்ந்த மருத்துவக் காகிதங்களை என் மனைவி இரண்டு உறைகளில் பிரித்து வைத்திருந்தாள். அவள் பெயர் எழுதிய உறையில் ஹார்மோன் சோதனைகள், ஸ்கேன் படங்கள், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி அறிக்கை என்று நாற்பது தாள்களுக்கு மேல் இருந்தன. என் பெயர் எழுதிய உறையில் ஒரே ஒரு தாள். மில்லிலிட்டருக்கு 60 லட்சம் விந்தணுக்கள், அவற்றில் முன்னோக்கி நகர்பவை 18 சதவீதம் என்றது அது. அதைப் பார்த்த மருத்துவர் வைட்டமின் மாத்திரை ஒன்றை எழுதித் தந்திருந்தார். அவ்வளவுதான் என் பங்குக்கு நடந்த சிகிச்சை.

எங்களுக்குத் திருமணமானது 2012இல். கும்பகோணத்தில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்ற கேள்வி அவளை நோக்கியே வந்தது. என்னிடம் அரசியல் பேசினார்கள். வளைகாப்புகளில் அவள் தானாகவே பின்வரிசையில் போய் அமரக் கற்றுக்கொண்டாள். திருக்கருகாவூர் அம்மன் சந்நிதியில் மந்திரித்துத் தந்த நெய்யை 48 நாட்கள் கணவன், மனைவி இருவருமே உண்ண வேண்டும் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் இருவரையும் சமமாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட இடம் அந்தக் கோயில் ஒன்றுதான்.

2017இன் இறுதியில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் என் தாளைப் பார்த்தவுடன், "இந்த கவுன்ட்டுக்கு இக்ஸிதான் சார்" என்றார்கள். ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை அது. பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்கள் 1992இல் அதன் வழியே பிறந்த குழந்தைகளைப் பற்றி அறிவித்தபோது, ஆண் மலட்டுத்தன்மைக்கான வைத்தியமே மாறிப்போனது. பெரிய சாதனை அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குள் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. குறை கணவனுடையது, பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போட்டுக்கொள்வதும், மயக்க மருந்தின் கீழ் கருமுட்டையை எடுக்கக் கொடுப்பதும் மனைவி. அப்போது எனக்கு இது உறைக்கவில்லை. முன்பணம் கட்டிவிட்டு வந்தேன்.

இடையில் ஓய்வுபெற்ற சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவரை, என் தந்தையின் வைத்தியத்துக்காகப் பார்க்கப் போயிருந்தோம். பேச்சுவாக்கில் எங்கள் கதை வந்தது.

"உங்களை யாராவது பரிசோதிச்சாங்களா?" என்று கேட்டார்.

"ரிப்போர்ட் இருக்கு சார்."

"ரிப்போர்ட்டைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

இல்லை. ஐந்தாண்டுகளில் எந்த மருத்துவரும் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை. நானும் அதை ஒரு நிம்மதியாகவே எண்ணியிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் என்னை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, இரண்டே நிமிடங்களில் சொல்லிவிட்டார். இடப்பக்க விதைப்பையில் சிரைகள் புடைத்திருந்தன. வெரிகோசீல் என்று அதற்குப் பெயர்.

பின்னர் அவர் தாளில் படம் வரைந்து விளக்கினார். வலப்பக்க விதையிலிருந்து வரும் சிரை, உடலின் பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்கிறது. இடப்பக்கத்துச் சிரையோ நீண்டு மேலேறி, இடது சிறுநீரகச் சிரையில் ஏறத்தாழச் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. அதிலுள்ள வால்வுகள் பழுதானால் இரத்தம் கீழே தேங்குகிறது. விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு டிகிரியாவது குறைவான சூழல் வேண்டும்; தேங்கிய இரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. எண்ணிக்கையும் ஓட்டமும் குறைவதோடு, விந்தணுவின் மரபுப்பொருளும் சேதமடையக்கூடும். ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு இது உண்டு, பெரும்பாலோர் தெரியாமலே தந்தையாகிவிடுகிறார்கள் என்றார். ஆனால் குழந்தைப்பேறின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இது காணப்படுகிறது.

புதிய செய்தியும் அல்ல இது. எடின்பரோவைச் சேர்ந்த டல்லாக், விந்தணுவே இல்லாதிருந்த ஒருவர் இந்த அறுவைக்குப் பின் தந்தையானதை 1952இலேயே எழுதியிருக்கிறார். அதன் பிறகு சர்ச்சைகளும் குறைவில்லை. 2003இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வலசல், இந்த அறுவையால் பயனில்லை என்றது. கைக்குத் தட்டுப்படாத, ஸ்கேனில் மட்டும் தெரியும் புடைப்புகளையும் சேர்த்து எண்ணியதால் வந்த முடிவு அது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். தொட்டால் தெரியும் புடைப்பும் விந்துப் பரிசோதனையில் ஏதேனும் ஒரு குறையும் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டுக்குள் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் அறுவை செய்துகொண்ட தரப்பில் 32.9 சதவீதம், செய்துகொள்ளாத தரப்பில் 13.9 சதவீதம். மூன்றில் இரண்டு பேருக்கு அப்போதும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மருத்துவர் எதையும் உறுதியளிக்கவில்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள். ஆகவே பலன் தெரியவே மூன்று மாதம், முழுதும் தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். "உங்க மனைவிக்கு 31 வயசு. காத்திருக்கலாம். 38ன்னா இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கத்தி அங்கே படுவதை நினைத்துப் பயந்தேன். அதைவிட, ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். இக்ஸியே செய்துவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "அஞ்சு வருஷமா நான் படுத்தாச்சு. ஒருநாள் நீங்க படுத்துப் பாருங்களேன்."

2018 ஜனவரியில் படுத்தேன். இடுப்பு மடிப்புக்குக் கீழே ஒரு சிறு கீறல்; நுண்ணோக்கி வழியே தமனியையும் நிணநீர் நாளங்களையும் விட்டுவிட்டு, புடைத்த சிரைகளை மட்டும் கட்டினார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றதால் தண்ணீர்க் குடத்தையும் அவளே தூக்கினாள். அதற்கும் சிரித்தாள்.

ஏப்ரலில் 90 லட்சம். ஜூலையில் 1 கோடியே 70 லட்சம். உலக சுகாதார நிறுவனம் அன்று வைத்திருந்த கீழெல்லை ஒன்றரைக் கோடி. 2021இல் அது 1 கோடியே 60 லட்சமானது. இயல்பாக எதுவும் நிகழவில்லை. ஆனால் இக்ஸி இனித் தேவையில்லை, கழுவிப் பிரித்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய முறையே போதும் என்றார்கள். மூன்றாம் முறை பலித்தது. 2019 செப்டம்பரில் மகள் பிறந்தாள்.

அறுவையால்தான் அவள் பிறந்தாள் என்று நான் நிறுவ முடியாது. என் நண்பன் ஒருவனும் என்னைக் கேட்டு இதே யோசனையோடு போனான். அவன் மனைவிக்கு 39 வயது. நாளைக் கடத்தாமல் நேரே இக்ஸிக்குப் போகச் சொன்னார்கள். அவர்களுக்கு அதுவே சரியான வழி. ஆனால் அவனை நிற்க வைத்துப் பரிசோதித்த பிறகே அப்படிச் சொன்னார்கள். நான் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான். அறுவையா, ஆய்வகமா என்பதை மனைவியின் வயதும் புடைப்பின் அளவும் முடிவு செய்யட்டும். அந்த இரண்டு நிமிடப் பரிசோதனை மட்டும், அவள் உடலில் முதல் ஊசி இறங்குவதற்கு முன்பே நடந்துவிட வேண்டும்.

உறைகள் இரண்டும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. என்னுடையதில் இப்போது ஏழு தாள்கள். அவளுடையதில் நாற்பது சொச்சம். அந்த முதல் தாள் வந்த நாளிலேயே நான் எழுந்து போயிருந்தால், அவற்றில் பாதியாவது இல்லாமல் இருந்திருக்கும்.