விளையாடும்போது மட்டும் நின்றுபோகும் கம்பியூட்டர்

போன மாதம் ராத்தாவின் மகனுடைய கம்பியூட்டரைப் பற்றிச் சின்னதாக ஒரு ஸ்டோரி போட்டிருந்தோம். அன்றிலிருந்து ஏழெட்டுப் பேர் "டீச்சர், எங்கட ஊட்டயும் இதே பிரச்சினைதான்" என்று இன்பொக்ஸில் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பி முடியவில்லை. முழுவதையும் இங்கேயே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிறான். வாப்பா கட்டாரில். அவர் சேர்த்து அனுப்பிய காசில் வாங்கிய பாவித்த கம்பியூட்டர் அது. ஐ5 6500 பிராசசர், ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் காட். கல்யாண வீடியோ எடிட் பண்ணி மாதம் கொஞ்சம் உழைக்கிறான். கேமும் விளையாடுகிறான், அதை மறைக்கத் தேவையில்லை.

கச்சான் காற்று தொடங்கிய நேரம் இந்தப் பிரச்சினையும் தொடங்கியது. கேம் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் டக்கென்று நின்றுவிடும். எடிட்டிங்கில் நிற்பதில்லை. "கேம் போட்டாத்தானே நிக்கிது, அப்ப கேமை விட்டா சரிதானே" என்றார் ராத்தா. பேச்சுக்கு அது சரிதான். ஆனால் கேம் என்பது கம்பியூட்டருக்கு மூச்சுவாங்கும் வேலை. பிராசசரும் கிராபிக்ஸ் காட்டும் ஒரே நேரத்தில் முழு வலுவில் ஓடும். படியேறும்போது மட்டும் நெஞ்சு வலிக்கிறது என்றால் படியேறாமல் இருந்தால் சுகமாகிவிடுமா? நாளை பெரிய வீடியோ ஒன்றை ரெண்டர் போடும்போதும் இதேபோல நிற்கலாம். திடீரென்று கரண்ட் அறுந்தால் எழுதிக்கொண்டிருந்த ஃபைலும் பழுதாகும், ஒருவருடைய கல்யாண வீடியோவும் போகும்.

ஒரு கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் காட் போயிட்டு, புதுசு போடணும், இல்லாட்டி முப்பதாயிரத்துக்கு அப்படியே தாங்க" என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்து தூக்கிப்போவதாகப் பேச்சு. மகன் செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்களிடம் வந்தான். "சாச்சி, நான் ஒண்டும் கண்டதெல்லாம் டவுன்லோட் பண்ணல்ல. உம்மா நம்புறா இல்ல." அழவில்லை, ஆனால் அழுவதற்குக் கிட்ட. எங்களுக்கு மூன்று நாள் இருந்தது.

முதலில் கேட்டது, எப்படி நிற்கிறது என்பதைத்தான். நீலத் திரை வந்து எழுத்துத் தெரிகிறதா? படம் அப்படியே உறைந்து நிற்கிறதா? அல்லது கரண்ட் போனதுபோல் எல்லாம் ஒரே நொடியில் அணைகிறதா? நீலத் திரை என்றால் டிரைவர், ரேம், விண்டோஸ் பக்கம் பார்க்க வேண்டும். இது மூன்றாவது வகை. அப்படியானால் சந்தேகம் பெரும்பாலும் இரண்டு பேர் மேல்: சூடு, அல்லது பவர் சப்ளை. வைரஸுக்கு இந்தக் குணம் மிக அபூர்வம். ராத்தாவிடம் அன்றைக்கே இதைச் சொல்லி வைத்தோம்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருந்தது. அதைக் கண்டதும் காரணம் பிடிபட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். "முறைப்படி அணைக்காமல் நின்றது" என்பது மட்டுமே அதன் பொருள். ஏன் நின்றது என்று அது சொல்லாது.

சூட்டைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். இரண்டு வினாடிக்கு ஒரு தடவை எல்லா வெப்பநிலையையும் ஃபைலில் எழுதச் சொல்லலாம். கம்பியூட்டர் நின்ற பிறகு திரும்பப் போட்டு அந்த ஃபைலின் கடைசி வரியைப் பார்த்தால் போதும். பிராசசர் 71 பாகை, கிராபிக்ஸ் காட் 76. இந்தப் பிராசசர் 100 பாகைக்குக் கிட்டப் போனால்தான் தன் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே சூடேறினால்தான் தானாக அணையும். சூடு குற்றவாளி அல்ல.

இருந்தாலும் உள்ளே தூசி துடைத்தோம். எங்கள் ஊர்க் கடல்காற்றில் கேசிங்குக்குள் சேரும் தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஈரப்பிடிப்பாகப் பஞ்சுபோல் ஒட்டிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடி அமர்த்திப் பிடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கொள்ளளவிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் நிற்கலாம்.

துடைக்கும்போதுதான் பவர் சப்ளையின் லேபல் கண்ணில் பட்டது. பெரிய எழுத்தில் 500 வாற்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை. 12 வோல்ற்று என்ற நிரலுக்கு நேரே 16 அம்பியர். "மகன், விஞ்ஞானத்தில என்ன படிச்ச? வலு எப்படிக் கணிக்கிற?" என்றோம். "வோல்ற்றளவைப் பெருக்கு மின்னோட்டத்தால" என்றவன் போனில் கணக்குப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தான். 12 ஐ 16 ஆல் பெருக்கினால் 192 வாற்று.

கிராபிக்ஸ் காட்டும் பிராசசரும் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க 12 வோல்ற்றிலிருந்துதான் எடுக்கின்றன. ஆர்எக்ஸ் 580க்கு 185 வாற்று, ஐ5 6500க்கு 65. இரண்டும் சேர்ந்து 250. இதற்கு மேல் கிராபிக்ஸ் காட் கண நேரத்துக்கு இன்னும் கூடுதலாக இழுக்கும். பெட்டியில் இருப்பதோ 192. எடிட்டிங்கில் இரண்டும் ஒன்றாக உச்சத்துக்குப் போகவில்லை, அதனால் தாக்குப்பிடித்தது. கேமில் போனது, பாதுகாப்புக்காகப் பெட்டி தன்னை அணைத்துக்கொண்டது. அப்படி அணையாத பெட்டிகளும் உண்டு, அவைதான் புகை வருபவை.

கணக்கு மட்டும் போதாது, பரிசோதிக்கவும் வேண்டும். காசு செலவில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. கிராபிக்ஸ் காட்டின் மென்பொருளில் வலு எல்லையை 25 சதவீதம் குறைத்தோம், கேமை வினாடிக்கு 60 பிரேமுக்கு மட்டுப்படுத்தினோம். இரண்டு மணித்தியாலம் நிற்கவேயில்லை. பழையபடி மாற்றினோம், 12 நிமிடத்தில் நின்றது. திரும்பக் குறைத்தோம், ஓடியது. வியாழக்கிழமை, ஸ்டூடியோ வைத்திருக்கும் பக்கத்து வீட்டு நானாவிடம் 550 வாற்றுப் பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டினோம். அதன் 12 வோல்ற்று நிரலில் 45 அம்பியர். முழு வேகத்தில் இஷா வரை ஓடியது. "கிராபிக்ஸ் காட் போயிட்டு" என்றது பொய்யாகிவிட்டது.

இரவல் வாங்கிப் பூட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கேபிள் கழற்றிப் பூட்டக்கூடிய பவர் சப்ளை என்றால் அதோடு வந்த கேபிளையே பாவியுங்கள். மற்றதன் கேபிள் துளையில் சரியாக ஏறும், ஆனால் உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க், போட் எல்லாம் ஒரே நொடியில் எரிந்துபோகும். கேசிங்கைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பிளக் சொக்கட்டில் புவித்தொடுப்பு இல்லாததன் அடையாளம் அது. கம்பியூட்டர்க்காரரைத் தேடாமல் வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு அதையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் வந்தபோது ராத்தாவே வாசலுக்குப் போய், "விக்கிற யோசின இல்ல" என்று சொல்லி அனுப்பினார். மகனிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. பகல் சாப்பாட்டில் அவன் கோப்பையில் இரண்டு துண்டு இறைச்சி கூட விழுந்தது. வாப்பாவின் அடுத்த சம்பளம் வரும்வரை வலுவைக் குறைத்தே ஓட்டினான். இப்போது 80 பிளஸ் பிரொன்ஸ் தரத்தில், மூன்று வருட வொரன்டியோடு ஒன்று பூட்டியாயிற்று. கிராபிக்ஸ் காட்டின் விலையில் அரைவாசியும் வரவில்லை.

பழைய பெட்டியை ஆயிரத்தைந்நூறுக்கு ஒருவர் கேட்டார். "500 வாற்றுதானே போட்டிருக்கு" என்றார். நாங்கள் கொடுக்கவில்லை. மகன் அதன் வயரை அடியோடு வெட்டிவிட்டு, லேபலை மட்டும் படமெடுத்து வைத்திருக்கிறான். முதலாவது கொமென்டில் அந்தப் படம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியின் லேபலையும் அதேபோல் படமெடுத்து அனுப்புங்கள். பெரிய எழுத்து வேண்டாம், கீழே இருக்கும் சின்ன அட்டவணை தெளிவாகத் தெரிய வேண்டும்.