பெரியவர்கள் நான்கு, சிறியவர்கள் இல்லை

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வருகிறோம் என்று சொன்னதும் சொந்தத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: வேண்டுதல். குழந்தை இல்லாத தம்பதி பழனிக்குப் போனால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? சித்தி முறையில் ஒருவர் போன் செய்து, எந்தக் கிழமை போக வேண்டும், எதை நேர்ந்துகொள்ள வேண்டும் என்று அக்கறையோடு சொன்னார். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாங்கள் கிளம்பியது விளையாட. முருகனையும் கும்பிடத்தான் போனோம். மதுரைக்காரர்கள் பழனி வழியாகப் போய்விட்டுக் கும்பிடாமல் வர மாட்டார்கள். கேட்பதற்கு மட்டும் எங்களிடம் எதுவும் இல்லை.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் நாத்தனார். கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவர். இன்னொருவர் கல்லூரித் தோழி. மகன் வேலைக்காக வெளிநாடு போன பிறகு தனியாக இருக்கிறார். நான்கு பேருமே நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள்.

நம் ஊரில் பெரியவர்கள் விளையாட வேண்டுமென்றால் ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ‘பிள்ளைங்க ஆசைப்பட்டாங்க’ என்றால் ராட்டினத்தில் ஏறலாம். இல்லையென்றால் கீழே நின்று பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தீம் பார்க் என்ற ஒன்று பிறந்த கதையிலேயே இந்தச் சங்கடம் இருக்கிறது. வால்ட் டிஸ்னி தன் மகள்களை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, லாஸ் ஏஞ்சலஸ் பூங்கா ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோதுதான் பெரியவர்களும் சேர்ந்து விளையாடும் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தார். அந்த பெஞ்சை நாம் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

அதனால் திட்டம் போடும்போதே முடிவு செய்தோம்: வழியில் எது விளையாட்டாக இருந்தாலும் ஏறுவது. மதுரையில் தொடங்கி, பழனி ஏறி, மலைப்பாதையில் கொடைக்கானல் போய், வத்தலக்குண்டு வழியாக இறங்குவது. மே மாதமும் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளும் கூடாது; சனி, ஞாயிறும் கூடாது. பள்ளிக்கூட நாள்காட்டிக்குக் கட்டுப்படாமல் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்திருக்கும் பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் கூட்டத்தில் போய் நிற்பானேன்?

முதலில் திண்டுக்கல் சாலையில் பரவையை ஒட்டியிருக்கும் அதிசயம் பூங்கா. சாதாரண வார நாள் காலை. தண்ணீர்ப் பூங்காக்களுக்குப் போகும் பெண்கள் ஒன்றை முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும்: புடவைக்கும் பருத்தி சுடிதாருக்கும் பெரும்பாலும் அனுமதி கிடையாது. நைலான் துணிதான். அங்கே போய் வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைத்தால் நம் அளவுக்குக் கிடைப்பது அரிது. நாங்கள் மதுரையிலேயே முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை வாங்கிக்கொண்டோம். உடை சரியாக இருந்தால் பாதிக் கூச்சம் போய்விடுகிறது. மீதிக் கூச்சம் முதல் அலை முகத்தில் அடித்ததும் போய்விட்டது.

பொதுவாக இந்தப் பூங்காக்களில் பெரிய ராட்டினங்களின் வாசலில் உயரம் அளக்கும் கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். தலைகீழாகச் சுற்றுவதும் உயரத்திலிருந்து விழுவதும் வளர்ந்த உடம்புக்கென்றே செய்யப்பட்டவை. குழந்தைகள் இடம் என்று நாம் ஒதுங்கிப் போகும் பூங்காவில் நடுநாயகமாக நிற்பது எதுவும் குழந்தைகளுக்கு இல்லை. ஆனால் நம் வயதில் நாமே போட்டுக்கொள்ள வேண்டிய கோடுகளும் உண்டு. ரத்தக் கொதிப்பு, கழுத்து எலும்புத் தேய்மானம், முதுகு வலி உள்ளவர்கள் வாசலில் எழுதியிருப்பதை முழுதும் படிக்க வேண்டும். கழுத்து வலியுள்ள தோழி உலுக்குகிற எதிலும் ஏறவில்லை. தண்ணீர்ச் சறுக்கு எதையும் விடவுமில்லை. சாப்பாட்டை ராட்டினங்களுக்கு அப்புறம் வைத்துக்கொண்டோம்.

பழனிக்கு இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மலை மேல் கோயில் விளக்கு தெரிய, நாத்தனார் காருக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பழனி விஞ்சை விளையாட்டு என்று சொன்னால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று யோசித்ததுண்டு. ஆனால் முருகனே குழந்தையாகக் கோபித்துக்கொண்டு வந்து நின்ற மலை அது. செங்குத்தான தண்டவாளத்தில், படிக்கட்டைப் போல அடுக்கடுக்காகச் செய்த பெட்டியை இரும்புக் கயிறு மெல்ல இழுத்துக்கொண்டு போகிறது. ஏறக்குறைய எட்டு நிமிடம். 1960-களிலிருந்து ஓடுகிறது. கீழ்ப் பக்கம் பார்த்த இருக்கை கிடைத்தால் அடிவாரத்துக் கடைகளும் வையாபுரிக் குளமும் காலடியிலிருந்து நழுவி இறங்குவது தெரியும். ரோப் கார் வந்தது 2004-இல். அதில் மூன்று நிமிடம்தான். நான்கு பேர் உட்காரும் பெட்டி. எங்கள் நால்வருக்கும் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஆனி, ஆடியில் காற்று பலமாக அடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். தினமும் மதியத்தில் ஒரு மணி நேரம், மாதத்தில் ஒரு நாள், வருஷத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் என்று பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். விசாரிக்காமல் போனால் ஏமாற்றம்தான். விஞ்சில் ஏறி ரோப் காரில் இறங்கினோம். படியில் ஏறுகிறவர்களை விட நம் பக்தி குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை.

மேலே பூ விற்ற அம்மா என் கையில் முழத்தைக் கொடுத்துவிட்டு, “எத்தனை பிள்ளைங்கம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “கவலைப்படாத தாயி, அடுத்த வருஷம் தொட்டில் கட்ட வருவ” என்றார். என் வயதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. வாழ்த்த வேண்டும் என்று மட்டும் தோன்றியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பாக இருந்தால் அந்தச் சொல் என்னை நாள் முழுக்க அழுத்தியிருக்கும். அன்று பூவை வைத்துக்கொண்டு, “சந்தோஷமா இருக்கேம்மா” என்றேன். அது முழு உண்மை. சன்னிதியில் ராஜ அலங்காரம் பார்க்கக் கிடைத்தது. பஞ்சாமிர்தம் வாங்கி, டப்பாவை அங்கேயே திறந்து, விரலால் வழித்துச் சாப்பிட்டோம். மலை வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் பேரீச்சையும் சேர்ந்த அந்தக் கெட்டித் தித்திப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரொம்ப நாள் தாமதம் என்பேன்.

பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். வத்தலக்குண்டுப் பாதையை விட வண்டிகள் குறைவு. சவரிக்காடு பக்கம் காப்பித் தோட்ட நிழல் வேறு. பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேர்ந்துகொள்ளும். வளைவில் வயிறு புரளும் என்பவர்கள் முன் இருக்கையில் உட்காரட்டும். தோழியை அங்கேதான் உட்கார வைத்தோம்.

கொடைக்கானல் ஏரியை இயற்கை ஏரி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 1863-இல் சதுப்பு நிலத்தில் கரை கட்டித் தேக்கியது. கட்டியவர் மதுரைக் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்து ஏரியில் விட்டதும் அவர்தான். 1890-இல் படகுக் குழாம் வந்தது. வெயிலுக்குப் பயந்து மலையேறிய வெள்ளைக்காரப் பெரியவர்கள் தாங்கள் விளையாட என்று கட்டிக்கொண்ட ஊர் இது. அவர்கள் விளையாடுவதற்காகப் பெரியகுளம் பக்கத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் தோளில் சுமந்து மலையேற்றியவர்கள் நம் ஆட்கள். சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் படகில் ஏறிக் காலாட்டுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது என் உறுதியான கட்சி.

படகுத் துறையில் டிக்கெட் கொடுப்பவர், “பெரியவங்க எத்தனை, சின்னவங்க எத்தனை?” என்றார். “பெரியவங்க நாலு” என்றார் என் கணவர். “பிள்ளைங்க?” “பெரியவங்க நாலுதாங்க.” அவ்வளவுதான், சீட்டு வந்துவிட்டது. பெடல் படகை எடுத்தோம்.

படகை விட எங்களுக்குப் பிடித்துப்போனது இரட்டைச் சைக்கிள். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சாலை; வாடகைச் சைக்கிள்களில் இரண்டு பேர் ஓட்டுகிற வண்டியும் இருக்கும். முன்னால் இருப்பவரிடம் ஹேண்டில் பாரும் பிரேக்கும். பின்னால் இருப்பவர் மிதிக்கலாம், திருப்ப முடியாது. இரண்டு பெடலும் சங்கிலியால் பிணைந்திருப்பதால் ஒருவர் கால் நின்றால் மற்றவர் காலும் நிற்கும். முதல் திருப்பம் வரை நானும் கணவரும் ஆளுக்கொரு வேகத்தில் மிதித்துத் தடுமாறினோம். பிறகு அவர் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார். பிரையன்ட் பூங்கா வாசலில் நின்றிருந்த கல்லூரிப் பையன்கள் சிலர் அதைக் கேட்டுக் கூடவே எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையில் வண்டி சீராகி, சரிவில் காற்று காதில் இரைந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து கத்தியதில்லை.

குதிரைச் சவாரியை நாங்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டோம். ஏரிக்கரையில் நிற்பவற்றில் பல சிறிய மட்டக் குதிரைகள். வளர்ந்தவர்கள் எடை பார்த்து, தாங்கும் குதிரை இருந்தால் மட்டும் ஏற வேண்டும்.

கோக்கர்ஸ் வாக்குக்கு எல்லோரும் காலையில் போகச் சொல்வார்கள். பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும் என்பதற்காக. நான் சாயங்காலத்தைச் சொல்வேன். 1872-இல் கோக்கர் என்ற அதிகாரி மலை விளிம்பில் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது. மாலை வெயில் முதுகில் விழ, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் ஏறி நின்றால் நம் நிழல் அந்த மேகத்தில் விழும். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். புராக்கன் நிழல் என்பார்கள். மேகத்தில் இருக்கும் நுண்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருகிற காட்சி. எங்களுக்கு அது கிடைத்தது. “மதினி, என் தலையைச் சுத்தி வட்டம் பாருங்க!” என்றார் நாத்தனார். எனக்கு அவர் தலையில் ஒன்றுமில்லை; வளையம் என் தலையில்தான் இருந்தது. தோழியோ தன் தலையில் என்றார். அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையில் மட்டும் தெரியும் என்பதுதான் அதன் கணக்கு. இடம் மாறி மாறி நின்று சோதித்தோம். மேகம் கலையும் வரை கைகளை ஆட்டிக்கொண்டே இருந்தோம். அழும் பிள்ளையோ பசிக்கும் பிள்ளையோ இல்லாததால் கூப்பிட்டுப் போக ஆளில்லை.

தூண் பாறை மூடுபனிக்குள் போய்விட்டது. குணா குகைப் பக்கம் இப்போது கூட்டம் அதிகம். 2024-இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தின் வேலை. 2006-இல் நண்பர் கூட்டமாக விளையாட வந்த கேரள இளைஞர்களில் ஒருவர் குழிக்குள் விழுந்து, இன்னொருவர் இறங்கி மீட்ட உண்மைக் கதை. வேலிக்கு இந்தப் பக்கமே நிற்பதற்கு அதை விடப் பெரிய காரணம் வேண்டாம். சூரிய ஆய்வகத்துக்குப் பார்வை நேரம் விசாரித்துவிட்டுப் போங்கள். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்த இடம்.

கடைசியாக மன்னவனூர். ஏரிக்கும் செம்மறி ஆட்டுப் பண்ணைக்கும் நடுவே புல்வெளி விரிந்து கிடக்கிறது. பரிசல் உண்டு, கயிற்றில் தொங்கிப் பறக்கும் ஜிப்லைன் உண்டு. பரிசலில் நாத்தனார் துடுப்பை வாங்கிச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டார். ஜிப்லைனில் நான் போனேன். கால் தரையை விட்டதும் என்னை அறியாமல் கத்தினேன். அது பயத்தில் வந்த சத்தமில்லை.

கொடைக்கானல் போக நினைப்பவர்களுக்கு இரண்டு தகவல். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. 2025 கோடையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். மலைக்கு அது நல்லது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. வீட்டுத் தண்ணீரைச் சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

திரும்பி வந்து போட்டோக்களை அத்தையிடம் காட்டினோம். எழுபத்தைந்து வயது. இரட்டைச் சைக்கிளில் மகனும் மருமகளும் வாய் திறந்து எண்ணிக்கொண்டு வரும் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?” என்றார். சின்ன வயதில் சித்திரைத் திருவிழாவுக்குப் போட்ட ராட்டினத்தில் ஏறியதோடு சரியாம். அப்புறம் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கீழே நின்றதுதான்.

இப்போது அவருக்காக மறுபடியும் திட்டம் போடுகிறோம். தைப்பூசக் கூட்டமும் பங்குனி உத்திரக் கூட்டமும் இல்லாத மாசி. பள்ளிக்கூடங்களில் பரீட்சை நேரம், பழனியில் ஆனி, ஆடிக் காற்றும் இருக்காது. ரோப் காரில் ஏற்றம், இறக்கம் இரண்டும். ஏரியில் பெடல் படகு வேண்டாம், துடுப்புக்காரர் ஓட்டும் படகு. கோக்கர்ஸ் வாக்கில் சாயங்காலம் மெதுவாக ஒரு நடை. வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். ராட்டினத்துக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். “அவர் வேணாம்னு சொன்னா?” என்று கேட்டேன். “மெதுவாச் சுத்துறது ஒண்ணு இருக்கும்ல, அதைப் பாரு” என்கிறார் அத்தை.